அம்மம்மாட அரிசி டின்: மட்டக்களப்பில நாலு நாள்

முதலாம் நாள், வெள்ளி இரவு, ரயிலுக்குள்ள

கோட்டை ஸ்டேசன்ல கால் வைக்க இடமில்ல. ஹஜ்ஜுப் பெருநாளும் சிங்கள ஆக்கள்ட பொசன் பூரணையும் ஒட்டி வந்த லீவு. அனுராதபுரம் போற வெள்ளை உடுப்பு ஆக்கள் ஒரு பக்கம், பெருநாளுக்கு ஏறாவூர், ஓட்டமாவடி எண்டு வீட்ட போற ஆக்கள் ஒரு பக்கம், நடுவில வைகாசிச் சடங்குக்கு ஊருக்குப் போற எங்களப் போல கொஞ்சப் பேர். சீட் முந்தியே புக் பண்ணினபடியால ஜன்னல் பக்கம் கிடைச்சிட்டு. போன்ல சார்ஜ் இருக்கிற மட்டும் எழுதுறன், மிச்சம் நாளைக்கு.

அம்மம்மா போன வருசம் சித்திரைக் கடைசியில எங்கள விட்டுப் போனவ. 94 வயசு. 1930ல பிறந்தவ, அடையாள அட்டையில 1932 எண்டு கிடக்கும், அது பதிஞ்ச விதானைட பிழை எண்டு அவவே சொல்லுவா. அவ போனது கோயில் கதவு திறப்புக்குக் கொஞ்ச நாளைக்கு முதல். வெளியூர் ஆக்களுக்குச் சொல்லணும் எண்டா, எங்கட பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்கள் கனக்க, வருசம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும், வைகாசிப் பூரணையை ஒட்டித்தான் கதவு திறந்து சடங்கு நடக்கும், குளிர்த்தி எண்டுற கடைசிச் சடங்கு முடிய திரும்பப் பூட்டிடுவாங்க. வீட்டில ஆள் போய் 31ம் நாள் கழியாம, துடக்கோட, அதாவது தீட்டோட, கோயில் வாசல மிதிக்க ஏலாது. அதால போன வருசம் எங்கட வீட்டில இருந்து ஒருத்தரும் சடங்குக்குப் போகல்ல. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளில இருந்து அப்படி ஒரு வருசம் வந்ததே இல்ல.

ஆட்டத்திவசம், முதல் வருசத் திவசம், ரெண்டு மாசத்துக்கு முன்னம் முடிஞ்சிட்டு. நான் போகல்ல. வேலை செய்யிற இடத்தில லீவு கேட்டன், தரல்ல, சண்டை பிடிச்சாவது போயிருக்கலாம், போகாம இருந்திட்டன். அந்த மனவருத்தம் இப்பவும் நெஞ்சுக்குள்ள கிடக்கு.

இப்ப போறதுக்குக் காரணம் சின்னம்மாட ஒரு கோல். போன மாசம் எடுத்தவ. "புள்ள, அம்மாட டின் அப்படியே கிடக்கு. வண்டு விழுந்திட்டு. கொட்டவா?" எண்டு கேட்டா. "கொட்டாதீங்க சின்னம்மா, நான் வாறன்" எண்டன். வந்து என்ன செய்யப் போறன் எண்டு அந்த நேரம் எனக்கே தெரியாது.

அது அம்மனுக்கு வைக்கிற பிடியரிசி. உலையில அரிசி போடுறதுக்கு முதல் அதில இருந்து ஒரு பிடி அள்ளி டின்னுக்குள்ள போடுவா. வருசம் முழுக்கச் சேரும், வைகாசிக்குக் கோயிலுக்குப் போகும். கலியாணம் முடிச்ச 16 வயசில தொடங்கினதாம். அவட கை இப்பவும் என்ட கண்ணுக்குள்ள நிக்குது. நடுவிரல் கொஞ்சம் கோணல், சின்ன வயசில உலக்கை பட்டது. அந்தக் கையை டின்னுக்கு மேல கவுத்துட்டு உடன எடுக்கமாட்டா, பெருவிரலால உள்ளங்கையை ரெண்டு தரம் தேய்ப்பா, ஒரு மணி கூட ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திடக் கூடாது எண்டு. குடுத்தது குடுத்ததுதான். பள்ளிக்கூடம் போகாம காய்ச்சலில கிடக்கிற நாளில எல்லாம் நான் பாயில படுத்துக்கொண்டு அந்த டின்னுக்குள்ள அரிசி விழுற சத்தத்தக் கேட்டிருக்கன், டின் வெறுமையா இருக்கக்குள்ள மழை மாதிரிக் கேக்கும், நிறைய நிறைய சத்தம் குறைஞ்சு போகும், சத்தமே கேக்காம வந்தா சடங்கு கிட்டுது எண்டு எங்களுக்கு விளங்கும்.

பக்கத்து சீட்டில ஒரு சிங்கள அம்மே. வெள்ளைச் சாரி, மடியில தாமரை மொட்டுக் கட்டு. எங்க போறாய் மகள் எண்டு கேட்டா, என்ட அரைகுறைச் சிங்களத்தில கண்ணகி கோயில் சடங்குக்கு எண்டு சொன்னன். "ஆ, பத்தினி தெய்யோ" எண்டு உடன கையெடுத்துக் கும்பிட்டா. மாகோவில இறங்கக்குள்ள லேஞ்சித் துணியில ஒரு ஓரத்தைக் கிழிச்சு, ஒரு காசைச் சுத்தி முடிஞ்சு என்ட கையில தந்தா. பண்டுர எண்டு சொல்லுவாங்க, நேர்த்திக் காசு. உங்கட கோயில்ல எனக்காகப் போட்டு விடு எண்டா. பேர் கேக்கல்ல நான், அவவும் கேக்கல்ல. முடிச்சு பேர்சுக்குள்ள பத்திரமா இருக்கு.

கல்லோயா தாண்டினா யானை கடக்கிற பாதை, ரயில் ஊர்ந்துதான் போகும். நித்திரை வருது.

ரெண்டாம் நாள், சனி

மன்னம்பிட்டிப் பாலத்துச் சத்தத்தில முழிச்சன். வெலிக்கந்தை, புனாணை, பிறகு வாழைச்சேனை. ஏறாவூர்ல பெருநாள் உடுப்போட புள்ளைகள் ஸ்டேசன் வேலியில ஏறி நிண்டு ரயிலுக்குக் கை காட்டிச்சுதுகள். மட்டக்களப்பில இறங்கி கல்முனை பஸ். கல்லடிப் பாலத்தில ஏறக்குள்ள பக்கத்தில பழைய இரும்புப் பாலம், 1924ல கட்டினது, புதுப் பாலம் 2013ல திறந்த பிறகு பழசில நடக்கிற ஆக்களும் தூண்டில் போடுற ஆக்களும்தான். அம்மம்மா அந்தப் பாலத்தத் தாண்டக்குள்ள எல்லாம் வாவிக்கு ஒரு கும்பிடு போடுவா. தண்ணியும் தெய்வம்தான் அவக்கு. காத்தான்குடியில ரோட்டு நடுவில பேரீச்ச மரம் வரிசையா, தொழுகை முடிஞ்சு வாற கூட்டத்துக்குள்ள பஸ் அசையல்ல, ஒருத்தருக்கும் அவசரமும் இல்ல. ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளையில வெத்திலைக் கொடி, களுவாஞ்சிகுடி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில ஒடுக்கமா எங்கட ஊர்கள். எழுவான்கரை எண்டுற பேர் சூரியன் எழும்புற பக்கம் எண்டதால வந்தது, வாவிக்கு அங்கால சூரியன் படுற பக்கம் படுவான்கரை. இந்த ரெண்டு கரையிலயும்தான் அம்மம்மாட முழுச் சீவியமும்.

கடப்படியில சின்னம்மா நிண்டா. "மெலிஞ்சிட்டாய் புள்ள" எண்டா, வேற ஒண்டும் கதைக்கல்ல, கையப் பிடிச்சுக்கொண்டு உள்ள கூட்டிப் போனா. வீடு சின்னம்மாட வீடுதான் இப்ப. எங்கட பக்கத்தில வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குத்தான் போகும், குடி எண்டுற வம்சமும் தாய்வழிதான், மூத்தவ என்ட அம்மாக்கு வேற வீடு கட்டிக் குடுத்திட்டு, தாய்வீடு கடைசி மகளுக்கு. கதவு திறந்திட்டாங்க எண்டதால ஊருக்குள்ள மீன் மச்சம் இல்ல. பகலைக்கு முருங்கையிலைச் சுண்டல், பூசணிக்காய்ப் பால்கறி, பலாக்கொட்டை, கட்டித் தயிர். எப்படிச் சாப்பிட்டன் எண்டு எனக்கே தெரியாது, அந்தப் பலாக்கொட்டைக் கறியில அம்மம்மாட கை மணம் இருந்திச்சு.

மறுகா டின்னைக் கொண்டு வந்து வச்சா.

பழைய சதுர பிஸ்கட் டின், பெரிசு. பூப்படம் எல்லாம் அழிஞ்சு, மூலையில துரு, மூடி ஒரு பக்கம் நசுங்கி. 1978 சூறாவளிக்குப் பிறகு நிவாரணமா வந்த டின். அதுக்கு முதல் மண்பானைதான் இருந்ததாம். நவம்பர் 23 இரவு அது. அந்தக் கதையை அம்மம்மா எத்தினை தரம் சொல்லியிருப்பா, எனக்கு அலுத்ததே இல்ல. பின்னேரமே காத்து ஒரு மாதிரி ஊளையிடத் தொடங்கிட்டாம், ராவாக ஓடு ஒவ்வொண்டாப் பறக்குது, கதவைத் தள்ளிப் பூட்ட ஏலாம உரலை உருட்டி முட்டுக் குடுத்து, அதுக்கு மேல அம்மப்பா முதுகைக் குடுத்துக்கொண்டு இருந்தவராம். அம்மம்மா புள்ளைகள எல்லாம் கட்டிலுக்குக் கீழ தள்ளிப் போட்டு, தான் வெளிய இருந்து குளிர்த்திப் பாட்டுப் படிச்சவவாம். மதுரைய எரிச்ச கோபத்தோட வந்த அம்மனைக் குளிரப் பண்ணுற பாட்டுத்தானே அது, காத்தும் அவட கோபம்தான் எண்டு நினைச்சிருக்கா. தொண்டை கட்டிப் போய் குரல் வராமப் போன பிறகும் உதட்ட அசைச்சுக்கொண்டு இருந்தவ எண்டு அம்மா சொல்லுவா. விடிஞ்சு பாத்தா தென்னை எல்லாம் ஒரே பக்கமாச் சரிஞ்சு கிடக்காம், அரிசிப் பானை உடைஞ்சு சேத்துக்குள்ள அரிசி. பசியோட இருந்த நேரத்திலயும் அந்த அரிசியில ஒரு மணி எடுக்கல்ல, சேத்தோட அள்ளிக் கொண்டு போய் கோயில் வேப்பமரத்தடியில கொட்டினவ. அம்மன்ட எண்டது அம்மன்டதான் எண்டுவா.

மூடியத் திறந்தன். முக்கால்வாசி இருக்கு. மேலால கறுப்பு வண்டு ஊருது, மாப்பிடிச்ச மணம். உள்ளுக்குக் கைய விட்டன். இதில ஒவ்வொரு பிடியும் அந்தக் கோணல் விரல் உள்ள கையால விழுந்தது எண்டு நினைக்க வேற எதுவும் கேட்கல்ல எனக்கு, சின்னம்மா பக்கத்தில இருந்து ஏதோ சொல்லிக்கொண்டு இருந்தவ.

கடைசி ரெண்டு மாசம் குசினிக்கு வர ஏலாமப் போயிட்டாம். சின்னம்மா அரிசியச் சுளகில எடுத்துக் கொண்டு கட்டிலடிக்குப் போவாவாம், படுத்த படியே விரலை விட்டு அள்ளுவாவாம், பிடி கூட இல்ல, நாலு மணி அஞ்சு மணி. அதையும் பெருவிரலால தேய்ச்சுத்தான் விடுவாவாம். கடைசிக் காலையில கூட.

மூண்டாம் நாள், ஞாயிறு

விடியவே மண்டூருக்கு வெளிக்கிட்டம், நானும் சின்னம்மாவும். குருமண்வெளித் துறையில பாதை ஏறணும். பாதை எண்டா ரோட்டு இல்ல, வாவியைக் கடக்கிற தட்டுத் தோணி, மோட்டார் சைக்கிள், வேன், ஆடு, கலியாண வீட்டுக் கதிரை எல்லாம் அதிலதான் போகும். காத்து இல்லாம வாவி கண்ணாடி மாதிரி கிடந்திச்சு. எதிர்க்கரை போய்ச் சேருற மட்டும் சின்னம்மா தண்ணியையே பாத்துக்கொண்டு வந்தா.

மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் எண்டுதான் சொல்லுறது. அம்மம்மா பெரிய கதிர்காமத்துக்கும் நடந்து போனவ, உகந்தை மலையில இருந்து காட்டுக்குள்ளால, கும்புக்கன் ஆத்தைக் கடந்து, மூண்டு தரம். ஆனா அவட மனசு மண்டூர்லதான். இஞ்ச கப்புகனார் வாயைத் துணியால கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரச் சத்தம் இல்ல. திரைக்கு அங்கால என்ன இருக்கு எண்டு நாங்க பாக்கிறதும் இல்ல. திரை, விளக்கு, மணி, அவ்வளவுதான்.

பத்து வயசில அம்மம்மா என்னை இஞ்ச கூட்டி வந்தவ. நான் ஸ்கொலஷிப் பாஸ் பண்ணணும் எண்டு சத்தமாக் கும்பிட்டன். தலையில மெல்லத் தட்டிச் சொன்னா: "வாயைக் கட்டிச் செய்யிற பூசைக்கு வந்து நீ ஏன்டி வாயத் திறந்து கேக்கிறாய்? சும்மா நில்லு. அவருக்குத் தெரியும்." அதுக்குப் பிறகு இண்டைக்கு மட்டும் நான் மண்டூர்ல எதுவும் கேட்டதில்ல. இண்டைக்கும் சும்மாதான் நிண்டன். எவ்வளவு நேரம் எண்டு தெரியல்ல. சும்மா நிக்கிறது லேசில்ல, மனசு அது வேணும் இது வேணும் எண்டு ஓடிக்கொண்டே இருக்கும், அதுவும் ஓடிக் களைச்ச பிறகு ஒரு அமைதி வருது பாருங்க, அதுக்காகத்தான் அவ பாதை ஏறி ஏறி வந்திருக்கா எண்டு இண்டைக்குத்தான் எனக்குப் பட்டது.

திரும்பி வரக்குள்ள பாதையில சின்னம்மா கதைச்சா. 1990ல இதே வாவியத்தான் ராவோட ராவா தோணியில கடந்து படுவான்கரைக்கு ஓடினது. அகதியா ஒரு பள்ளிக்கூடத்தில இருந்தம், சின்னம்மாக்கு அப்ப 14. சோறு கண்டு மூண்டு நாள். அடுப்பு மூட்டி, உலை வச்சு, அதுக்குள்ள போட மரவள்ளித் துண்டுதான் இருந்ததாம். அம்மம்மா அடுப்பில வைக்கிறதுக்கு முதல் வெறுங்கையை மூடி, பிடி அள்ளுற மாதிரி அள்ளி, சீலைத் தலைப்பில போட்டு முடிஞ்சவவாம். பெருவிரலால உள்ளங்கையைத் தேய்ச்சு. "என்னம்மா செய்யிறீங்க, அதில ஒண்டும் இல்லையே" எண்டு இவ கேக்க, "கணக்கு விடப்படாது" எண்டு மட்டும் சொன்னவவாம்.

சுனாமி நேரம்தான் ஒரேயொரு தரம் டின் அரிசி வேற இடத்துக்குப் போனது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா நாள். கடற்கரைப் பக்கத்தில இருந்து நனைஞ்ச உடுப்போட ஓடி வந்த சனத்துக்கு கஞ்சி காய்ச்ச வீட்டில அரிசி காணாம, டின்னை அப்படியே அண்டாவில கவுத்தவ. அந்த நாள் எனக்கு நல்லா நினைவிருக்கு. ஒருத்தரும் அவட முகத்தப் பாக்கத் துணியல்ல. அடுத்த நாளில இருந்து ஒரு நாளைக்கு ரெண்டு பிடி போட்டா, வைகாசி மட்டும். கடன் எண்டா.

இரவு கோயிலுக்குப் போனம். கண்ணகி கதையைப் பாட்டாச் சொல்லுற வழக்குரை படிக்கிறாங்க. கோவலன்ட கலியாணத்தில இருந்து கொலைக்களம் மட்டும், பிறகு கண்ணகி சிலம்போட போய் பாண்டியன்ட சபையில நிண்டு கேக்கிறது மட்டும், இரவிரவா முறை முறையாப் படிப்பாங்க. அம்மம்மா அஞ்சாம் வகுப்போட நிண்டவ, ஆனா படிக்கிற ஆள் ஒரு வரி தப்ப விட்டா மண்டபத்து ஓரத்தில இருந்து இவட வாய் சரியான வரியச் சொல்லும். வழக்குக் கேக்கிற கட்டம் வந்தா மட்டும் சீலையால தலைய மூடிக்கொள்ளுவா. சின்ன வயசில அது பக்தி எண்டு நினைச்சிருந்தன்.

மூத்த மாமா 1990 ஆவணியில சைக்கிள்ல சந்திக்குப் போனவர். 24 வயசு. சைக்கிளும் வரல்ல. அதுக்குப் பிறகு 34 வருசம், விசாரணை எண்டு எந்தக் கந்தோருக்குக் கூப்பிட்டாலும் அம்மம்மா அவர்ட படத்தை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு போனவ, பஸ்ல, வாகனத்தில, கடைசிக் காலத்தில சக்கர நாற்காலியில. மரணச் சான்றிதழ் எடுத்தா காசு வரும் எண்டு சொன்னாங்க. எடுக்கல்ல. திவசமும் செய்ய விடல்ல. மண்டூர்ல வாய் திறக்காம நிண்ட மனிசி இஞ்ச வந்துதான் கேட்டிருக்கா. சபைக்குப் போய் நிண்டு கேட்டவ இந்த அம்மன்தானே, இவட்டக் கேக்காம வேற ஆரிட்டக் கேக்கிறது.

படிப்பு நிண்ட இடைவெளியில, கோயில்ல பூசை செய்யிற கட்டாடியாரிட்ட டின் கதையைச் சொன்னன். துடக்குக்குள்ள கிடந்த அரிசி, வண்டு விழுந்த அரிசி, அம்மனுக்கு ஆகுமா எண்டு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "அவ உசிரோட இருக்கக்குள்ள அள்ளி வச்சது. துடக்கு உங்களுக்குப் புள்ள, அரிசிக்கு இல்ல. புடைச்சுக் கொண்டு வாங்க" எண்டார்.

நாலாம் நாள், திங்கள் (எழுதுறது விடியப்புறம்)

காலையில முற்றத்தில பாய் விரிச்சு அரிசியக் கொட்டினம். வெயில் பட வண்டு எல்லாம் ஓரத்துக்கு ஓடிச்சு. சின்னம்மா சுளகெடுத்தா. அவட கைக்குச் சுளகு பறக்கும், எனக்கு அரிசி எல்லாம் வெளிய விழுது, "மணிக்கட்டாலடி, தோளால இல்ல" எண்டு காட்டித் தந்தா, அரைவாசி முடியக்குள்ள கொஞ்சம் பிடிபட்டுது. கீழ விழுந்தத ஒண்டொண்டாப் பொறுக்கினன். மாப்பட்ட குறுநொய் தனி, நல்லது தனி. முதல் சம்பா, பிறகு சிவப்பு நாட்டரிசி, பிறகு கடைப் பச்சையரிசி, எந்த மாசம் வீட்டில என்ன அரிசி வாங்கினாங்க எண்டு அந்தப் பாயில பாத்தே சொல்லலாம். அடியில கிடந்ததுதான் கூட, மேலால வர வரக் குறைவு. கொத்தால அளந்தம். ஏழு கொத்தும் ரெண்டு சுண்டும். குறுநொய்யக் கோழிக்குப் போடப் போனன், சின்னம்மா விடல்ல, அதையும் ஒரு சின்னப் பையில கட்டினா.

குளிர்த்தி நடுச்சாமம் தாண்டித்தான். பறைமேளம், உடுக்கு, கட்டாடியார்ட கையில சிலம்பு. வேப்பிலையால தண்ணியத் தொட்டுத் தொட்டுக் குளிர்த்தி பாட, பொம்புளையள் எல்லாரும் ஒரேயடியா குரவை போட்டாங்க. ஆயிரம் பேர்ட நாக்கு ஒண்டா அசையிற அந்தச் சத்தத்தில உடம்பு சிலிர்த்துப் போச்சு. நானும் போட்டன். எனக்குக் குரவை பழக்கினது அம்மம்மாதான், கிணத்தடியில வச்சு, வாயில கை வச்சு. முகத்தில தண்ணி பட்டுது, குளிர்த்தித் தண்ணியா கண்ணீரா எண்டு துடைச்சுப் பாக்கல்ல. சனம் அழுதுது, எல்லா வீட்டிலயும் ஒரு படம் இருக்கு. சின்னம்மா ஒரு போத்தல்ல தண்ணி பிடிச்சா. அந்த அம்மேட முடிச்சை உண்டியல்ல போட்டன், அவிழ்க்காம அப்படியே.

பின்னேரம் நடந்ததைத்தான் இன்னும் எழுதல்ல. குளிர்த்திக்கு முதல், அரிசி குடுக்கப் போன இடம். கோயில் மதிலோட ஒரு தகரக் கொட்டில், நெல்லு மூட்டை, தேங்காய்க் குவியல், மேசையில ரசீதுப் புத்தகத்தோட ஒரு தம்பி, இருபது வயசு இருக்கும். ஆக்கள் வரிசையா நிக்கிறாங்க. லண்டன், கனடா, சுவிஸ் எண்டு வெளிநாட்டில இருக்கிற புள்ளைகள்ட பேருக்குக் குடுக்கிற ஆக்கள்தான் கூட. எங்கட முறை வந்துது. டின்னை மேசையில வச்சன். மூட்டைக்குள்ள கவுத்தாங்க. கவுத்த டின்னை நான் திருப்பி வாங்கி, அடியில ஒட்டியிருந்த மணிகளை விரலால தேய்ச்சு விட்டன்.

"பேர் சொல்லுங்கக்கா" எண்டான்.

சின்னம்மாவப் பாத்தன். அம்மம்மாட பேரைச் சொல்ல ஏலாது, உசிரோட இருக்கிறவங்கட பேருக்குத்தான் நேர்த்தி எழுதுவாங்க. சின்னம்மா ஒண்டும் சொல்லல்ல, என்னையே பாத்தா. ஒவ்வொரு வருசமும் இந்த மேசையில அம்மம்மா என்ன பேர் சொன்னவ எண்டு எனக்குத் தெரியும், சின்னப் புள்ளையா அவட சீலையப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டு கேட்டிருக்கன்.

மாமாட பேரைச் சொன்னன்.

"நட்சத்திரம்?"

"பூசம்."

எழுதினான். பிறகு பேனையைத் தூக்கிக்கொண்டு, "எந்த நாட்டில இருக்கார் அக்கா? விலாசம்?" எண்டு கேட்டான்.

சின்னம்மா முன்னுக்கு வந்தா. எங்கட வீட்டு விலாசத்தச் சொன்னா, வளவு இலக்கம், ரோட்டு, ஊர் எல்லாம், அவன் எழுதி முடியும் மட்டும் நிண்டு, எழுத்துச் சரியா எண்டு குனிஞ்சு பாத்தா.